பக்கம் உடனே வருகிறது. இருப்புத் தொகை ஏன் தாமதிக்கிறது?

இணைய வங்கிச் சேவையைத் திறந்ததும் வங்கியின் சின்னமும் படங்களும் நொடியில் தோன்றிவிடுகின்றன. கணக்கின் இருப்பு மட்டும் சில வேளைகளில் தாமதித்து வருகிறது. இரண்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருவதே இதற்கு முக்கியக் காரணம்.

ஒரு வங்கியின் இணையதளம் முழுவதும் மும்பையிலுள்ள ஒரே சர்வரில் இருப்பதாகக் கொள்வோம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். கொல்கத்தாவிலிருந்து மும்பைக்கு ஒருமுறை போய்வர நேர்வழியிலேயே சுமார் 16 மில்லிசெகண்டு ஆகும். ஒரு பக்கம் திறக்க இத்தகைய பயணங்கள் பல தேவை. இடைவழி நெரிசலும், ஒரே நேரத்தில் பல லட்சம் பேர் நுழைவதும் தாமதத்தை மேலும் கூட்டும்.

இதற்குத் தீர்வாக அமைந்ததே உள்ளடக்க விநியோக வலையமைப்பு. பக்கத்தின் படிகளைப் பல நகரங்களிலுள்ள சர்வர்களில் வைத்து, கேட்பவருக்கு அருகிலுள்ள சர்வரிலிருந்து அனுப்புவதே இதன் பணி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணிதப் பேராசிரியராக இருந்த டாம் லெய்ட்டனும் அவருடைய மாணவர் டேனியல் லெவினும் 1998இல் தொடங்கிய அகமாய் நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று.

வங்கி வழக்கத்தைக் கொண்டே இதனை விளக்கலாம். விண்ணப்பப் படிவம் எல்லாக் கிளைகளிலும் கிடைக்கும். அதற்காக எவரும் தலைமை அலுவலகம் செல்வதில்லை. படிவம் மாறினால் பழையதை அகற்றிப் புதியதை வைக்கிறோம். அவ்வாறே இப்படிகளுக்கும் காலவரம்பு உண்டு. வட்டி விகிதம் மாறும்போது பழைய படி நீக்கப்பட வேண்டும்.

ஆனால் கணக்கேட்டைக் கிளைதோறும் படியெடுத்து வைப்பதில்லை. இருப்புத் தொகை, பணப் பரிமாற்றம் ஆகியவை ஒவ்வொரு முறையும் வங்கியின் மையக் கணினியிலேயே சரிபார்க்கப்படுகின்றன. அந்தத் தாமதம் துல்லியத்திற்காக நாம் தரும் விலை.

ஆகவே, பக்கம் விரைந்து திறப்பதால் மட்டும் பரிமாற்றம் நிறைவேறியதாகக் கருத வேண்டாம். பணம் அனுப்புகையில் திரை நின்றுவிட்டால் மீண்டும் பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் கணக்கு அறிக்கையைப் பாருங்கள். பணம் பற்று வைக்கப்பட்டிருந்தாலோ, பரிமாற்றம் நிலுவையில் இருப்பதாகக் காட்டினாலோ, அதன் முடிவு தெரியும்வரை பொறுத்திருங்கள். ஒரே தொகை இருமுறை செல்வதைத் தவிர்க்க இதுவே பாதுகாப்பான வழி.