படக்கோப்பை எண்ணணியாக ஏற்றுதல்: மொழியாய்வாளருக்கு ஒரு விளக்கம்

பழைய அச்சு நூல்களை ஒளிவருடிகொண்டு படமாக்கிக் கணிப்பொறியில் சேர்க்கும் பணி இன்று பரவலாக நடைபெறுகிறது. அப்படங்களினின்று எழுத்துகளைப் பொறியே அறிந்து பாடமாக்க வேண்டுமெனில், படக்கோப்பு முதலில் எண்களாலான ஓர் அணியாக மாற வேண்டும். பைத்தான் மொழியில் இஃது ஓரிரு வரிக் கட்டளையால் முடிந்துவிடுகிறது. அதனாலேயே பலரும் இப்படியைப் பொருட்படுத்துவதில்லை. பாடம் பிழைபடும் வாயில்களுள் ஒன்று இங்கேயே திறக்கிறது.

கலைச்சொல் பற்றி முன்னரே ஒன்று கூற வேண்டும். பிக்சல் என்பதைப் 'படப்புள்ளி' என்பாரும் உளர். மெய்யெழுத்தின் புள்ளியும் இங்குப் பேசப்படுவதால் 'படவணு' என்னும் சொல்லே ஆளப்படுகிறது. கணிதப் பாடநூல்கள் கிடைவரிசையை நிரை என்றும் நெடுவரிசையை நிரல் என்றும் வழங்கும். கணிப்பொறித் துறையிலோ நிரல் என்பது புரோகிராமைக் குறிக்கும். 'நிரலில் நிரலை மாற்றுக' என எழுத நேர்ந்த மொழிபெயர்ப்பாளர்மேல் பிழையில்லை.

ஏ4 அளவுத் தாளை அங்குலத்துக்கு 300 படவணு வீதம் படமாக்கினால் அகலம் 2480, உயரம் 3508 என அமையும். சாம்பல்நிறப் படமாயின் ஒவ்வோர் அணுவுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 கருமை, 255 வெண்மை. ஆக 86,99,840 எண்கள். வண்ணப்படமாயின் இதன் மும்மடங்கு.

இவ்வெண்கள் தாமாகப் பொருள் தருவன அல்ல. மரபே பொருள் தருகிறது. பில்லோ என்னும் தொகுதி படத்தின் அளவை அகலம் முன்னாகச் சொல்லும். அதே படம் நம்பை அணியானதும் உயரம் முன்வரும். பில்லோ சிவப்பு, பச்சை, நீலம் என அடுக்க, ஓப்பன்சிவி நீலம், பச்சை, சிவப்பு என அடுக்கும். இரண்டையும் கலந்து கையாண்டால் பக்க ஓரத்துச் சிவப்பு மைக் குறிப்பு நீலமாகும், பொறி எச்சரிக்காது. நிறப்பட்டியல் உடைய படங்களில் அணியிலுள்ள எண் நிறமே அன்று, பட்டியலின் வரிசையெண். அதனை ஒளியளவாகக் கொள்வது அகராதியின் பக்க எண்ணைச் சொற்பொருளாகக் கொள்வதை ஒக்கும்.

மங்கிய பக்கத்தைத் தெளிவாக்க முயல்வோர்க்கு வேறோர் இடர் உண்டு. எட்டுப் பிட்டு அணியில் 255க்கு மேல் இடமில்லை. 200 உடைய அணியோடு 100 உடைய அணியைக் கூட்டினால் விடை 300 அன்று, 44. வெளுக்க வேண்டிய தாள் கருத்துவிடும். கூட்டுமுன் அணியைப் பெரிய எண்வகைக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

தமிழுக்கே உரிய இடர் புள்ளியில் இருக்கிறது. 10 புள்ளியளவு அச்செழுத்து, மேற்கூறிய நுண்மையில், ஏறத்தாழ 42 படவணு உயரத்துள் அடங்கும்; மெய்யின் தலைப்புள்ளிக்குக் கிடைப்பன சில அணுக்களே. அங்குலத்துக்கு 75 எனக் குறைத்தால் எழுத்துக்கே பத்து அணுதான். ஜேபெக் முறையோ படத்தை எட்டுக்கெட்டுக் கட்டங்களாகப் பகுத்து நுண்விவரங்களை இழந்து சுருக்குவது. அதன்பின் கருப்பு வெள்ளையெனப் பிரிக்கும் எல்லையெண்ணும் பொருந்தாவிடின் புள்ளி தாளோடு கலந்துவிடும். 'பல்' 'பல' ஆகும். இரண்டும் சொற்களே ஆதலின் எழுத்துப்பிழைதிருத்தியும் கண்டுகொள்ளாது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இல்லாமையால் பதிப்பாசிரியர்கள் இடம் நோக்கி அதனை இட்டனர். அவர்கள் உழைத்து இட்டதை நாம் கோப்புமாற்றத்தில் தொலைத்தல் தகுமோ?

மூலப்படத்தை இழப்பின்றிச் சுருக்கும் பிஎன்ஜி வடிவில் வைப்பதே நன்று. ஜேபெக்கில் ஒருமுறை இழந்ததைப் பின்னர் பிஎன்ஜியாக்கி மீட்க இயலாது. அணி ஏறியவுடன், கருப்பு வெள்ளையாக்குமுன், மெய்யெழுத்து ஒன்றின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி அதன் எண்களை அச்சிட்டுப் பார்க்கலாம். 240ஐ ஒட்டிய எண்களுக்கிடையே 60, 70 எனச் சிறு திரள் தென்பட்டால் புள்ளி இருக்கிறது. 200, 210 என மெலிந்து கிடந்தால் அப்பக்கத்தை மீண்டும் படமாக்க வேண்டும்.