பள்ளி வரட்டும், தண்ணீர் எங்கே போகும்?

அந்தத் தாமானில் நான் பேசியவர்களில் ஒருவர்கூடப் பள்ளி வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே, "தமிழ்ப்பள்ளிக்குத் தமிழனே எதிரி" என்று யாரோ முகநூலில் எழுதிவிட்டார்கள். அது ஊர் முழுக்கச் சுற்றியும் வந்துவிட்டது.

தெற்குப் பேராக்கில் ஒரு சிறு நகரம். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஒரு கடைத்தெரு, ஒரு மாரியம்மன் கோயில், வியாழக்கிழமை பசார் மாலாம், நகரை ஒட்டி மூன்று தாமான்கள். அங்கிருந்து செம்பனைக் காட்டுக்குள் ஏழு கிலோமீட்டர் போனால் தோட்டத் தமிழ்ப்பள்ளி வரும். பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பெய்தால் ஆசிரியர் பேசுவது கேட்காது. அந்தப் பள்ளியைத்தான் தாமானுக்கு நடுவில் இருக்கும் காலி நிலத்துக்குக் கொண்டு வரப்போகிறார்கள். மூன்று மாடிக் கட்டடம் என்று பேச்சு.

எனக்கு இந்த விஷயம் தெரிந்தது, காலை நிகழ்ச்சிக்குப் புலனத்தில் வந்த ஒரு குரல் பதிவால். "வீட்டுக்குப் பின்னால பள்ளிக்கூடம் வருது, ரொம்ப சந்தோஷம். ஆனா நவம்பர்ல எங்க அடுப்படிக்குத் தண்ணி வந்தா யார்கிட்ட சொல்றது?" என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் வைத்துப் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போனேன்.

நம் பள்ளிகள் ஏன் இடம் மாறுகின்றன என்பது பெரியவர்களுக்குத் தெரியும். இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். அப்படித்தான் லயத்துக்கு ஒரு கொட்டகையாகப் பள்ளிகள் முளைத்தன. சுதந்திரம் கிடைத்த 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520க்குச் சற்று அதிகம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நம் மக்கள் நகரங்களுக்கு நகர்ந்தார்கள். பள்ளி மட்டும் காட்டுக்குள் பிள்ளைகள் இல்லாமல் நின்றது. 150க்கும் குறைவான மாணவர்கள் இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. நம் பள்ளிகளில் கணிசமானவை அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன.

அதனால் உரிமத்தோடு பள்ளியையே மக்கள் இருக்கும் இடத்துக்கு மாற்றுகிறார்கள். பண்டார் உத்தாமாவில் எஃபிங்காம் தமிழ்ப்பள்ளியும் சுபாங் ஜெயாவில் சீஃபீல்டு தமிழ்ப்பள்ளியும் இருப்பது இப்படித்தான். தோட்டம் போய்விட்டது, பெயர் மட்டும் பள்ளி வாசலில் இருக்கிறது. இடமாற்றம் நல்லது என்பதுதான் என் கருத்தும். இல்லையென்றால் பல பள்ளிகள் எப்போதோ மூடப்பட்டிருக்கும்.

இந்தச் சிறு நகரத்தின் காலி நிலத்துக்கு வருகிறேன். தாமான் வரைபடத்தில் அது பள்ளிக்கென்று ஒதுக்கப்பட்ட இடம். இருபது வருடமாக யாரும் கட்டவில்லை. பையன்கள் காற்பந்து விளையாடினார்கள், ஒருவர் ஆடு மேய்த்தார், தீபாவளிக்கு ஒரு முறை கூடாரம் போட்டார்கள். வரைபடத்தில் என்ன எழுதியிருந்தது என்பது வீடு வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு நினைவில்லை.

என்னோடு நடந்து வந்த ஐயா, வேலையில் இருந்த காலமெல்லாம் கால்வாய் பார்த்தவர். கையில் இருந்த குடையின் முனையால் தரையைக் காட்டிக்கொண்டே வந்தார். "இந்த நிலம் ரோட்டைவிட எவ்வளவு பள்ளம்னு பாருங்கம்மா. மேல இருக்கற ரெண்டு தாமான் தண்ணியும் இங்கதான் வந்து நிக்குது. ஒரு நாள் நின்னு மெதுவா வடியும். அதனாலதான் எங்க வீடெல்லாம் தப்பிக்குது." பள்ளி கட்ட வேண்டுமானால் மண் கொட்டி நிலத்தைச் சாலை மட்டத்துக்கு உயர்த்தியாக வேண்டும். உயர்த்திவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பின்சந்தில் ஒரு சின்னக் கால்வாய் இருக்கிறது. நான் போன அன்று அதில் ஒரு தலையணை கிடந்தது.

இதற்கு வழியே இல்லை என்பதில்லை. வடிகால், நீர்ப்பாசனத் துறையின் நகர மழைநீர்க் கையேடு 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதன் அடிப்படை விதி எளியது: கட்டுவதற்கு முன் அந்த நிலத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் நீர் வெளியேறியதோ, கட்டிய பிறகும் அதைத் தாண்டக் கூடாது. அதற்காகத் திடலுக்கு அடியிலோ வாகன நிறுத்துமிடத்துக்கு அடியிலோ நீரைத் தேக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விடும் தொட்டி அமைப்பார்கள். புதிய பள்ளியின் வரைபடத்தில் அந்தத் தொட்டி இருக்கலாம். நன்றாகவே வடிவமைத்தும் இருக்கலாம். ஆனால் தாமான்காரர்கள் யாருக்கும் வரைபடத்தைக் காட்டவில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் பதாகையில் இருந்த வண்ணப் படம் ஒன்றுதான். அதில் வானம் நீலமாக இருக்கிறது, மழை இல்லை.

சாலை விவகாரத்தை அதிகம் விவரிக்கத் தேவையில்லை. பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அது தினசரி அனுபவம். இந்த மூன்று தாமான்களுக்கும் நுழைவாயில் ஒன்றுதான். அதே சாலையில் ஏற்கெனவே ஒரு சீனப்பள்ளி இருக்கிறது. காலை ஏழு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் இரண்டு வரிசையாகக் கார்களை நிறுத்திவிட்டுப் பெற்றோர் காத்திருப்பார்கள். முனை வீட்டு மாக்சிக், பள்ளி வருவதில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். வாரம் மூன்று முறை கணவரை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப்போகும் வண்டி வெளியே போக வழி இருக்குமா என்பது மட்டும்தான் அவர் கவலை. இரும்புக்கடைச் சீனருக்கு மகிழ்ச்சி, சிமெண்டு விற்கும்.

மதியத்துக்கு மேல் தோட்டத்துக்குப் போனேன். போகாமல் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரை பாதிதான் தேறியிருக்கும்.

லயத்தில் இன்னும் சில தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகிறார்கள். மணி அடிப்பது வீட்டுக்குக் கேட்கும். பள்ளி நகருக்குப் போனால் ஏழு கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கே வெட்டு வேலைக்குப் போகிற அப்பா மோட்டாரில் கொண்டு போய் விட முடியாது. வேன் என்றால் ஒரு பிள்ளைக்கு மாதம் 70 வெள்ளியாவது கேட்பார்கள் என்று கணக்குப் போட்டுச் சொன்னார் மூன்று பிள்ளைகளின் தாய். தோட்டச் சாலை மழையில் கெட்டால் வேன்காரர் உள்ளே வர மாட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். "நம்ம பிள்ளைங்களுக்குத்தானே அக்கா கட்டறாங்க? வேனைப் பத்தி யாராவது பேசினாங்களா?"

நகரத்தில் நான் கேட்ட கேள்விகளில் அது இல்லவே இல்லை. பள்ளி வாரியத்தின் பேச்சிலும் இல்லை. புதிய கட்டடம் வந்தால் நகரத்துப் பிள்ளைகள் சேர்ந்து எண்ணிக்கை கூடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கூடும்தான். ஆனால் இத்தனை வருடம் அந்தப் பள்ளியின் உயிரைப் பிடித்து வைத்திருந்தவை இந்த லயத்துக் குடும்பங்கள். எண்ணிக்கையைக் கூட்டும்போது இந்தப் பிள்ளைகளைக் கழித்துவிடக் கூடாது.

வாரியத்தில் பொறுப்பில் இருக்கும் ஒருவரைச் சந்தித்தேன். மனிதர் கெட்டவரல்லர், களைத்தவர். நில அலுவலகம், மாவட்டக் கல்வி அலுவலகம், மாவட்ட மன்றம் என்று வருடக்கணக்கில் அலைந்து கோப்பைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். "இந்த நேரத்துல ஆட்சேபம் அது இதுன்னு கடிதம் போனா, ஒதுக்கின பணம் திரும்பிப் போயிடும்மா" என்றார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அடிக்கல் மட்டும் நாட்டி, அதன்மேல் லாலாங் புல் வளர்ந்த இடங்களை நம் சமூகம் பார்த்திருக்கிறது. குத்தகையாளர் பாதியில் விட்டுப் போய், தூண்களில் கம்பி துருவேறி நின்ற கட்டடங்களையும் பார்த்திருக்கிறோம். அதனால்தான் "முதல்ல கட்டி முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்ற பழக்கம் வந்துவிட்டது.

இந்த இடத்தில் அவரோடு நான் ஒத்துப்போகவில்லை. கட்டி முடித்த பிறகு கால்வாயை அகலப்படுத்த முடியாது. நுழைவாயிலை மறுபக்கம் மாற்ற முடியாது. கேட்பதற்குரிய நேரம் முதல் லோரி மண் இறங்குவதற்கு முன்புதான்.

சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் திட்ட அனுமதிக்கு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். ஆனால் உள்ளூர்த் திட்டம் நடப்புக்கு வந்துவிட்ட இடங்களில் அந்தக் கட்டாயம் இல்லை. திட்டத்தைப் பொதுப் பார்வைக்கு வைத்தபோதே மக்கள் பார்த்துக் கருத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அதன் நியாயம். இந்தத் தாமான் இரண்டாவது வகை. அவர்கள் வீட்டுக்குக் கடிதம் வராததில் சட்ட மீறல் எதுவும் இல்லை. மாவட்ட மன்றத்தின் கூடத்தில் மாட்டியிருந்த வரைபடத்தை அன்று எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? நான் குடியிருக்கும் பகுதியின் திட்டத்தையும் நான் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காகச் சொல்லக் கூடாது என்று பொருளில்லை. ஒரு மாலை, கோயில் மண்டபத்தில் வரைபடத்தை விரித்து வைக்கலாம். நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடலாம். அரசு நிலமா, வாரியத்தின் நிலமா என்பதைப் பொறுத்துத்தான் முழு உதவியா, பகுதி உதவியா என்பதும், பிற்காலத்தில் கூரை ஒழுகினால் யார் செலவு செய்வது என்பதும் அமையும். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

கூட்டம் ஒன்று நடக்கத்தான் செய்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கால்வாயைப் பற்றி ஒருவர் எழுந்து கேட்டதும், முன்வரிசையிலிருந்து பதிலுக்கு ஒரு கேள்வி வந்தது: "உங்க பிள்ளைங்க எந்தப் பள்ளியில படிக்குது?" தேசியப் பள்ளியில் என்றார் அவர். மண்டபத்தில் சிரிப்பு. அவர் உட்கார்ந்துவிட்டார். அவருடைய பிள்ளை எங்கே படித்தாலும் தண்ணீர் அதே மட்டத்துக்குத்தான் ஏறும். அதைச் சொல்ல அங்கே ஒருவரும் எழவில்லை. தமிழ்ப்பற்றை இப்படி வாயை அடைக்கும் துணியாகப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நண்பராக இருக்க வேண்டும். அடுத்த ஐம்பது வருடம் அந்தப் பள்ளிக்கு மதில் அவர் வீட்டோடுதான்.

கூட்டம் கலைந்த பிறகு, கோலாலம்பூரில் பொறியாளராக வேலை செய்யும் தாமான் பெண் ஒருத்தி செய்த காரியம் எனக்குப் பிடித்தது. அவள் யாரோடும் வாதாடவில்லை. வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த ஐயாவைப் பிடித்து, எந்த மழையில் எந்த வீடு வரை தண்ணீர் வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். அந்த வாரமே மாவட்ட மன்றத்துக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம் தயாரானது. நகல் பள்ளி வாரியத்துக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும். முதல் வரியில் பள்ளியை வரவேற்கிறோம் என்று எழுதியிருந்தாள். பிறகு இரண்டு கேள்விகள்: மழைநீர்த் தேக்கத் தொட்டி எங்கே அமைகிறது, பள்ளியின் வாசல் பின்சாலைப் பக்கம் திறக்க முடியுமா. முனை வீட்டு மாக்சிக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கூட்டத்தில் சிரித்தவர்களில் இரண்டு பேரும் போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

தோட்டத்தில் கேட்டதை நான் அவளிடம் சொன்னேன். மறுநாள் காலை தன் காரிலேயே லயத்துக்குப் போய்விட்டு வந்தாள். எனக்குப் புலனத்தில் வந்த நகலில் மூன்றாவது கேள்வி ஒன்று சேர்ந்திருந்தது: தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேன் யார் ஏற்பாடு, எந்த மாதத்திலிருந்து? அதற்குக் கீழே தாய்மார்களின் கையெழுத்துகள். கடிதத்தின் மேல்மூலையில் மாவட்ட மன்றம் பெற்றுக்கொண்டதற்கான நீல முத்திரை இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.