யுத்தமும் பெண்களின் தேக ஆரோக்கியமும்

வடக்கே ஒரு முகாம்

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டி வடக்கு நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலை, கோட்டக்குப்பத்தையும் காலாப்பட்டையும் கடந்தபின் விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டை அடைகிறது. இலங்கையில் 1983 முதல் 2009 மே மாதம் வரை நீடித்த உள்நாட்டு யுத்தத்தினால் கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்குள்ள முகாமில் வாழ்கின்றன. யுத்தம் என்றதும் மாண்டவர்களையும் இடிந்த வீடுகளையும் எண்ணித் துக்கப்படுகின்ற நாம், உயிர் தப்பிய பெண்களின் சரீரத்திலும் மனத்திலும் அது எத்தகைய நோய்களை விட்டுச் சென்றிருக்கிறது என்று விசாரிப்பதில்லை.

ஒரு டாக்டர் எழுதி வைத்தது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவியாக இருந்த டாக்டர் ராஜினி திராணகம, 1987 அக்டோபரில் இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் போரில் இறங்கிய பின், பலாத்காரத்துக்கு ஆளான பெண்களை நேரில் சந்தித்து, அவர்கள் சொன்னவற்றைப் பொறுமையுடன் கேட்டுப் பதிவு செய்தார். படைகளையும் ஆயுத இயக்கங்களையும் பட்சபாதமின்றிக் கண்டித்த அவர், 1989 செப்டம்பர் 21 அன்று, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் சகாக்கள் மூவரும் சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’ அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. குற்றம் புரிந்தவர்கள் நம் தேசத்துப் படையினர் என்பதற்காக அந்தப் பக்கங்களை நாம் ஒதுக்கிவிடுவது தர்மமாகாது.

இலங்கைப் படையும் இதற்கு விலக்கல்ல. 1996 செப்டம்பரில், பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய பள்ளி மாணவி ஒருத்தி யாழ்ப்பாணத்துச் செம்மணிச் சோதனைச் சாவடியில் இலங்கை ராணுவத்தினரால் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும்கூட உயிரோடு திரும்பவில்லை.

உடம்பில் தெரியும் அடையாளங்கள்

பலாத்காரத்தினால் உண்டாகும் உட்காயம், பால்வினை நோய்த் தொற்று, விரும்பாத கர்ப்பம், அதைக் கலைக்கத் தகுதியற்றவர்களை நாடுவதால் விளையும் பிராணாபாயம் ஆகியவை உடனடியான கேடுகள். யுத்தத்தால் நலிந்த காங்கோ நாட்டில் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே துவாரம் விழுமளவுக்குச் சிதைக்கப்பட்ட பெண்களுக்குச் சத்திர சிகிச்சை செய்துவரும் டாக்டர் டெனிஸ் முக்வேகேவுக்கு 2018இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

ஆனால் பல வருஷங்கள் கழித்துத் தோன்றும் உபாதைகளே அதிகமாகக் கவனிப்பாரற்றுப் போகின்றன. ‘நெஞ்சு படபடக்குது, தலை விறைக்குது, நித்திரை வருகுதில்லை’ என்று சொல்லிக்கொண்டு வருகிற பெண்ணுக்கு மருத்துவர்களாகிய நாங்கள் இ.சி.ஜி. எடுத்து, கோளாறு ஏதுமில்லை என்று கண்டு, ஒரு சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். கணவனையும் மாமியாரையும் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ‘உங்களுக்கு யாராவது தீங்கு செய்ததுண்டா?’ என்று தாழ்ந்த குரலில் கேட்டிருந்தால், இருபது வருஷத்து வேதனைக்கு அன்றே சிகிச்சை தொடங்கியிருக்கும். சொல்ல மனமில்லாதவரை வற்புறுத்தவும் கூடாது. கதவு திறந்திருக்கிறது என்று அவர் அறிந்தால் போதும்.

யுத்தம் வீட்டுக்குள்ளும் நுழைகிறது. எல்லாவற்றையும் இழந்த ஆண் குடியில் விழுகிறான், அடி மனைவியின் மேல் விழுகிறது. யுத்தம் முடிந்த வேளையில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 90,000 விதவைகள் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது; குடும்ப பாரத்தைத் தனியே சுமந்த அவர்களில் பலர் தங்கள் நோயைக் கடைசியாகவே கவனித்தார்கள்.

முதல் 72 மணி நேரம்

சமாதானம் நிலவும் ஊரிலும் இந்தக் கொடுமை இல்லாமலில்லை. 2024 மார்ச்சில் நம் முத்தியால்பேட்டையிலேயே ஒன்பது வயதுச் சிறுமி பாலியல் கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஆகையால், எல்லா வீட்டாரும் பின்வருவனவற்றை அறிந்திருப்பது அவசியம்.

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தைப் பலாத்காரம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் விடாமல் உட்கொள்ள வேண்டும். கர்ப்பத் தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவு நன்று. மஞ்சள் காமாலை பி வகைக்கும் ரண ஜன்னிக்கும் தடுப்பூசி உண்டு. பரிசோதனைக்கு முன் குளிக்காமல், அணிந்திருந்த துணிகளைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையைத் தவிர்த்துக் காகிதப் பையில் எடுத்துச் செல்வது வழக்குக்கு உதவும். குளித்துவிட்டதனாலோ, நாள் கடந்துவிட்டதனாலோ ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

போலீசில் புகார் கொடுத்துவிட்டு வந்தால்தான் வைத்தியம் என்று சொல்ல எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமையில்லை. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனே இலவசமாகச் சிகிச்சையளிக்க வேண்டுமென்று 2013 முதல் நம் சட்டம் கட்டளையிடுகிறது. பெண்ணை அவமதிக்கும் இருவிரல் பரிசோதனை கூடாதென்று 2013இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2022இல் அதை மேலும் வன்மையாக வலியுறுத்தியது.

குடும்ப கௌரவம் போய்விடுமென்று அஞ்சி முதல் மூன்று நாட்களை வீணாக்கிவிடாதீர்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை இரவிலும் பகலிலும் கட்டணமின்றி அழைக்கலாம்.