வலிப்பு மருந்தும் சட்டமும்

வலிப்பு நோய்க்கு மருந்து உண்போர் சிலர், தாம் நாள்தோறும் விழுங்கும் மாத்திரையின் பெயர் போதைப் பொருள் சட்டத்தில் இருக்கிறது என்று கேள்வியுற்றுத் திடுக்கிடுகின்றனர். மருந்தை நிறுத்திவிடலாமா என்றும் எண்ணத் தொடங்குகின்றனர். இந்த எண்ணமே பெரிய ஆபத்து. ஆகவே செய்தியின் உண்மையைத் தெளிந்துகொள்வோம்.

வலிப்பு மருந்துகள் யாவும் அச்சட்டத்துள் அடங்குவன அல்ல. பெனிட்டாயின், கார்பமாசெப்பின், வால்புரோயேட் முதலியவற்றை மருத்துவர் சீட்டின்பேரில் விற்க வேண்டும், அவ்வளவே. பீனோபார்பிட்டாலின் வரலாறு வேறு. உறக்கத்துக்கென வந்த அம்மருந்து வலிப்பையும் அடக்குகிறது என்பதை 1912-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரட் ஹௌப்ட்மன் எடுத்துரைத்தார். அது விலை மலிவானது. உடலில் பல நாள் தங்கி வேலை செய்வது. உலகச் சுகாதார நிறுவனம் அதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால், மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் அதே குணம் அளவு மிஞ்சினால் மூச்சையும் அடக்கிவிடும். பழகிய உடல் அதனை எளிதில் விடுவதுமில்லை. இது பற்றியே 1971-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அதனை நான்காம் அட்டவணையில், அதாவது கட்டுப்பாடு மிகக் குறைந்த வகுப்பில், சேர்த்தது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது மனமயக்கப் பொருள்களுள் ஒன்று. குளோபசாமும் குளோனசெப்பாமும் அவ்வாறே.

அப்படியானால் நோயாளி குற்றவாளியா? அல்லவே அல்லர். மருத்துவத் தேவைக்குச் சட்டம் வழிவிட்டே இருக்கிறது. அதே ஆண்டில் இயற்றிய விதிகளுள் 66-ஆம் விதி, தம் சொந்த மருத்துவத்துக்காக ஒருவர் ஒரே சமயத்தில் 100 மருந்தளவுகள் வரை வைத்திருக்க இடந்தருகிறது. நெடுநாள் மருத்துவத்துக்கென மருத்துவர் குறித்துத் தந்தால் 300 வரை வைத்திருக்கலாம். மருத்துவர் சீட்டு என்பது வெறுங் காகிதமன்று என்பது இதனால் விளங்கும்.

நாட்டுக்கு நாடு இந்த வகுப்பு மாறுபடும். வலிப்புக்குத் துணைமருந்தாக வழங்கும் பிரிகாபலினைப் பிரிட்டன் 2019 ஏப்ரலில்தான் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது; அமெரிக்காவோ 2005-லேயே கொணர்ந்துவிட்டது. எனவே வெளிநாடு செல்வோர் அந்நாட்டு விதியை முன்னரே கேட்டறிந்து, மருந்தை அதன் மூல உறையுடனும் சீட்டுடனும் எடுத்துச் செல்லுதல் நலம்.

மருந்தை மாற்றவோ குறைக்கவோ விரும்புவோர் மருத்துவரை அணுகிப் படிப்படியாகவே செய்தல் வேண்டும். பீனோபார்பிட்டாலைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு இடைவிடாது தொடர்ந்து உயிருக்கே இறுதியாகலாம்.