மூட்டைக்கு உண்டு, வண்டலுக்கு இல்லை

ஐப்பசியில் முதல் நல்ல மழை இறங்கிய மறுநாள், எங்கள் பக்கத்துக் கூட்டுறவு சங்கம் எதுவானாலும் விடிவதற்குள் வாசலில் ஆள் சேர்ந்துவிடும். ஆதார் அட்டையைக் காட்டி, கைரேகை மிஷினில் விரல் வைத்தால் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. செட்டிநாட்டில் உள்ள கண்டரமாணிக்கம் எனக்குச் சொந்த ஊர். வேலைக்காலம் முழுக்க சங்கத்தில் உரம் விற்றேன். ஓய்வுக்குப் பிறகு கண்மாய்க்குக் கீழே இரண்டு ஏக்கரில் சம்பா வைக்கிறேன். அரசு விவசாயத்துக்குக் கொடுக்கும் பணம் எந்த வழியில் வருகிறது, எங்கே வராமல் போகிறது என்பதை விற்கிற பக்கமும் வாங்குகிற பக்கமும் நின்று பார்த்தவன்.

அந்த மூட்டையின் அசல் விலை வேறு. உலகச் சந்தையில் யூரியா எகிறிய 2022-ல் ஒரு மூட்டையின் அடக்கம் 2,000 ரூபாயைத் தாண்டியது. 2022-23-ல் உர மானியத்துக்கு மத்திய அரசு செலவிட்டது சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். இந்தப் பணம் விவசாயியின் கணக்குக்கு வருவதில்லை. மூட்டை விற்றதாக மிஷினில் பதிவானதும் உரக் கம்பெனிக்குப் போகிறது. அதிகம் போடுகிறவர் பேரில் அதிக மானியம். குறைத்துப் போடுகிறவருக்கு அந்தக் குறைவால் அரசிடமிருந்து ஒரு காசும் கிடையாது.

இந்த ஏற்பாட்டைப் பழித்துப் பேச எனக்கு மனம் வராது. 1960-களில் நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்தது. நம் சி. சுப்பிரமணியம் மத்தியில் உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த காலத்தில்தான் புதிய ரக விதை, ரசாயன உரம், கொள்முதல் விலை எல்லாம் ஒரே திட்டமாக வந்தன. இந்திய உணவுக் கழகம் 1965-ல் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது. விளைச்சல் வேண்டும் என்று கொடுத்த பணம் விளைச்சலைக் கொண்டுவந்தது. அறுபது ஆண்டு கழித்தும் அதே பணம் அதே வழியில் போவதுதான் என் வருத்தம். மலிவாகக் கிடைப்பதால் யூரியாவை அள்ளிக் கொட்டுகிறோம். பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும்; பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வரும்; மருந்துக்கடைக்கு வேறு அழ வேண்டும்.

எங்கள் சீமை வானம் பார்த்த பூமி. மேட்டூர் இல்லை, கால்வாய் இல்லை. ஆடி ஆவணியில் புழுதியில் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்போம். வரத்துக்கால் அடைபடாமல் இருந்தால் கண்மாய் பெருகும். மடை சரியாக இருந்தால் கடைசி வயலுக்கும் தண்ணீர் போகும். மண்ணுக்கு உயிர் கொடுத்தவை இரண்டு. ஒன்று, கோடையில் கண்மாயின் உள்வாயிலிருந்து வெட்டிவந்து பரப்பும் வண்டல். மற்றது, அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி மடக்கும் ஆட்டுக்கிடை. கிடை போடும் கீதாரிக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று கையிலிருந்து கொடுக்க வேண்டும். அதற்கு மானியம் கிடையாது. வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள 2024-ல் அரசு வழியை எளிதாக்கியது, தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்றது. அது நல்ல காரியம். ஆனால் மண்தான் இலவசம், ஜேசிபி வாடகையும் டிராக்டர் நடைக்கூலியும் நம் பாடு. போன கோடையில் பக்கத்து வயல்காரப் பெண் என்னிடம் கேட்டார்: “ஏண்ணே, கம்பெனி மூட்டைக்குக் கொடுக்குறவுக, நம்ம கம்மா மண்ணுக்கு வண்டிக்கூலியாச்சும் கொடுக்கக் கூடாதா?” இத்தனை வருஷம் உரம் விற்ற எனக்கு, இதைவிட நேரான கேள்வியை யாரும் கேட்ட ஞாபகம் இல்லை.

இதே கேள்வியைத்தான் இங்கிலாந்து பெரிய அளவில் கேட்டுக்கொண்டது. ஐரோப்பாவின் பொது வேளாண் கொள்கை 1962-ல் பிறந்தது, போருக்குப் பிந்தைய பசியை மனதில் வைத்து. விளைய விளையப் பணம் கொடுத்ததில் 1980-களில் வெண்ணெயும் தானியமும் கிடங்குகளில் மலையாகக் குவிந்தன. பிறகு விளைச்சலுக்குப் பதில் நிலப்பரப்புக்குப் பணம் என்று மாற்றினார்கள். அதிக நிலம் உள்ளவருக்கே அதிகப் பணம் போனது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன், 2020-ல் வேளாண் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பொதுப்பணம் பொதுநன்மைக்கே என்பது அதன் கொள்கை. பரப்புக்கான உதவித்தொகை இங்கிலாந்தில் 2021 முதல் படிப்படியாகக் குறைந்தது. அதற்குப் பதில் உயிர்வேலியைப் பராமரித்தால் பணம், வயலோரம் தேனீக்களுக்குப் பூச்செடி விட்டால் பணம், குளிர்காலத்தில் பறவைகளுக்குத் தானியப் பயிர் விட்டுவைத்தால் பணம். 2024 பட்டியலில், பண்ணையில் உள்ள ஒரு குட்டையைப் பராமரிக்க ஆண்டுக்கு 257 பவுண்டு என்று இருந்தது. நூற்றுக்கணக்கான ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கும் கண்மாய்களின் கரையில் இருந்துகொண்டு அதைப் படித்தபோது எனக்கு ஏக்கமாகவே இருந்தது.

அங்கேயும் எல்லாம் சுகமில்லை. 2025 மார்ச் 11-ஆம் தேதி, ஒதுக்கிய பணம் தீர்ந்தது என்று சொல்லி, புதிய விண்ணப்பங்களை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். பழைய தொகையும் குறைந்து, புதியதிலும் சேர முடியாமல் நின்றவர்களின் கோபம் நியாயமானது. நமக்குப் பக்கத்திலேயே இதைவிடக் கொடிய பாடம் உண்டு. 2021-ல் இலங்கை ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. மாற்று உரமும் போதவில்லை, பழகுவதற்கு அவகாசமும் இல்லை. நெல்லும் தேயிலையும் அடிபட்டு, சில மாதங்களிலேயே தடையைத் தளர்த்த வேண்டிவந்தது. யூரியா மானியத்தை நாளைக்கே நிறுத்து என்று யாராவது சொன்னால் முதலில் எதிர்த்து நிற்பவன் நானாக இருப்பேன்.

நம் நாட்டில் அசைவு தொடங்கியிருக்கிறது. 2023 ஜூனில் மத்திய அமைச்சரவை பி.எம். பிரணாம் திட்டத்தை ஏற்றது. முந்தைய மூன்றாண்டுச் சராசரியைவிட ரசாயன உரத்தைக் குறைக்கும் மாநிலத்துக்கு, மிச்சமாகும் மானியத்தில் பாதி திரும்பி வரும். தமிழ்நாட்டின் 2024-25 வேளாண் பட்ஜெட்டில் ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மண்ணுயிர் காப்போம்’ திட்டத்துக்கு 206 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பசுந்தாள் உர விதை அதில் முக்கியமான பகுதி. தக்கைப்பூண்டு அருமையான பயிர்தான். ஆனால் அதை வளர்த்து மடக்கி உழ, நெல்லுக்கு முன்னால் ஈரம் வேண்டும். காவிரிப் படுகைக்கு அது சரி. கோடை மழை ஏமாற்றும் வருஷம் எங்கள் புழுதியில் அது முளைக்கவே முளைக்காது. எங்களுக்கு உதவி வண்டல் வண்டியாகவும் கிடைக்கூலியாகவும் வரத்துக்கால் மராமத்தாகவும் வந்தால்தான் மண்ணில் சேரும்.

கேரளம் 2020-ல் இன்னொரு வழியைக் காட்டியது. வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் என்று அப்போது அறிவித்தது. நெல்வயல் தண்ணீரைத் தேக்கி நிலத்தடிக்கு இறக்குகிறது, அந்த நன்மை ஊருக்கெல்லாம் போகிறது என்பதற்கான தொகை அது. தொகை சிறியது. என்றாலும் நெல்லுக்கு அல்லாமல் வயலுக்கே விலை வைத்தார்களே, அது பெரிய காரியம்.

எங்கள் திருப்பத்தூர் வட்டாரத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977-ல் அறிவித்தார்கள். கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் கண்மாயில் தங்கும் நாரைகளும் கொக்குகளும் மிரளக் கூடாது என்று தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது. அது மனமார்ந்த மரியாதை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நீர்நிலையையே காத்துக் கொடுத்த ஊருக்கு, அந்தக் கண்மாயின் கரையையும் மடையையும் பேண ஆண்டுதோறும் ஒரு தொகை ஊர்க் கணக்கில் விழுவதும் நியாயம்தானே? இங்கிலாந்தில் குட்டை ஒருவருடைய பண்ணைக்குள் இருக்கிறது. இங்கே கண்மாய் ஊருக்குப் பொது. தனித்தனி விவசாயிக்குப் பணம் பிரித்தால் மடை சரியாகாது. கொஞ்சமாவது ஆயக்கட்டுக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து வர வேண்டும்.

தனியாருக்கு வரும் பங்கில் வேறொரு சிக்கல் உண்டு, அது செட்டிநாட்டுக்கு ரொம்பவே பொருந்தும். பட்டாக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். உழுகிறவர் வாரத்துக்கோ குத்தகைக்கோ எழுத்தில்லாமல் உழுகிறார். பட்டாவைப் பார்த்துப் பணம் போட்டால், கருவேல் மண்டிய தரிசுக்கும் போகும். வண்டல் அடித்தவருக்குப் போகாது. இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் எந்த வயலில் என்ன பயிர் என்று இருக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கு அந்த அடங்கலைத்தான் கேட்கிறார்கள், குத்தகைதாரரும் அதை வைத்துச் சேர முடிகிறது. அதில் உழுகிறவர் பெயரைத் தவறாமல் எழுதி, அந்த வருஷம் வண்டலோ கிடையோ போட்டதா என்பதற்கு ஒரு கட்டம் சேர்த்து, அதைப் பார்த்துப் பணம் போடட்டும். சங்கத்தில் கைரேகை வைத்து வாங்கிப் பழகிய கைகள், இதற்கும் வைக்கும்.