இந்தாபூர் வயல்களும் ரிக்கார்டோவின் சூத்திரமும்

பொருளியலை எப்படிச் செய்வது? சில அடிப்படை விதிகளில் தொடங்கி, தர்க்கத்தால் முடிவுக்கு வருவதா? இல்லை, முதலில் உலகத்தைப் பார்த்து, தகவல் சேர்த்து, அப்புறம் விதி சொல்வதா? 19-ஆம் நூற்றாண்டு முழுக்க இந்தச் சண்டை ஓடியது. 1883-இல் வியன்னாவின் கார்ல் மெங்கருக்கும் பெர்லினின் குஸ்தாவ் ஷ்மோலருக்கும் நடந்த மோதலைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு அதற்கு அரை நூற்றாண்டு முந்தைய கதைதான் முக்கியமாகப் படுகிறது. ஏன்னா, அதில் அடிபட்டது பேராசிரியர்கள் இல்லை, விவசாயிகள்.

1817-இல் டேவிட் ரிக்கார்டோ குத்தகைக்கு ஒரு விளக்கம் சொன்னார். பயிராகும் நிலங்களிலேயே மோசமானதற்குக் குத்தகை கிடையாது. நல்ல நிலம் அதைவிட எவ்வளவு கூடுதலாக விளைகிறதோ, அந்த வித்தியாசம்தான் குத்தகை. அதை வரியாக எடுத்தாலும் உற்பத்தி பாதிக்காது, விலையும் ஏறாது. அவருடைய நண்பர் ஜேம்ஸ் மில் 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் சேர்ந்தார். இந்தியாவில் அரசுதானே நிலச்சுவான்தார், அப்போ அந்த உபரி அரசுக்குத்தான் என்பது அவர் வாதம்.

இதைச் செய்து பார்த்தவர் ஆர். கே. பிரிங்கிள். 1820-களின் இறுதியில், புனே பகுதியில் வயல் வயலாக அளந்தார். மண்ணைத் தரம் பிரித்து, விளைச்சலை மதிப்பிட்டு, சாகுபடிச் செலவைக் கழித்து, மிஞ்சியதில் 55 சதவீதத்தைத் தீர்வை என்று வைத்தார். காகிதத்தில் கச்சிதம். ஆனால் அளவுகளிலேயே பிழை, மதிப்பீடுகளில் ஊழல், போதாக்குறைக்குத் தானிய விலையும் சரிவு. இந்தாபூர் தாலுகாவில் ஜனங்கள் நிலத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். 1830-களின் நடுவில் கோல்ட்ஸ்மிட், விங்கேட் இருவரும் சூத்திரத்தை ஓரங்கட்டி, முந்தைய ஆண்டுகளில் உண்மையில் எவ்வளவு வசூலானது என்று பார்த்து, தீர்வையைக் குறைத்து, 30 ஆண்டுகளுக்கு நிர்ணயித்தார்கள்.

இதற்கிடையே 1831-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஜோன்ஸ் குத்தகை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். லாபம் வராவிட்டால் முதலை எடுத்துக்கொண்டு வேறு தொழிலுக்குப் போகக்கூடிய விவசாயி இருந்தால்தான் ரிக்கார்டோ சொன்னது நடக்கும். உலகத்தில் அப்படிப்பட்ட இடங்கள் ரொம்பக் குறைவு என்றார். இந்திய ரயத்துக்கு நிலத்தை விட்டால் பிழைப்பு இல்லை. அவன் கட்டுவதை மண்ணின் வளம் தீர்மானிப்பதில்லை, வழக்கமும் அரசின் பலமும்தான் தீர்மானிக்கின்றன. பிற்பாடு, கம்பெனி அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில், மால்தஸ் இருந்த இடத்துக்கு இதே ஜோன்ஸ்தான் வந்தார்.

இதை ‘கோட்பாடு தோற்றது, தகவல் ஜெயித்தது’ என்று சுருக்கினால் தப்பாகிவிடும். பிரிங்கிளிடம் தகவல் மலைபோல இருந்தது. ஆனால் சூத்திரம் கேட்ட எண்களை மட்டுமே அவர் சேர்த்தார். இந்த விவசாயியால் வேறு எங்காவது போக முடியுமா என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. மறுபக்கம், பழைய வசூலை அடிப்படையாக எடுப்பதும் வெறும் உண்மையை எடுப்பது ஆகாது. பழைய அரசுகள் கசக்கிப் பிழிந்ததும் அந்த எண்களுக்குள்தான் இருக்கிறது.

மெங்கர், ஷ்மோலர் விவாதத்தைப் படிக்கும்போது இந்தாபூரையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்பாடு எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறது, நம்மிடம் உள்ள தகவல் அந்த அனுமானத்தையே சோதிக்கிறதா என்று இரண்டு தரப்பையும் கேட்கலாம்.