எல்லா உயிர்மீதும் பட்ட பிரம்படி

வைகையின் வடகரையில், திருஞானசம்பந்தர் பாடிய திருவாப்புடையார் கோயில் கொண்டு விளங்கும் தலம் செல்லூர். ஆவணி மூலத்தன்று இவ்வூர் அன்பர்கள் ஆற்றைக் கடந்து புட்டுத்தோப்புக்குச் செல்வர். பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் அங்குதான் நிகழ்த்தப்படுகிறது.

வெள்ளம் உடைத்த கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது பாண்டியன் ஆணை. வந்திக் கிழவிக்கோ ஆளில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று வந்த சொக்கநாதர், வேலை செய்யாமல் விளையாடினார். சினமுற்ற மன்னன் பிரம்பால் அடித்தான். அந்த அடி மன்னன்மீதும், அரசிமீதும், எல்லா உயிர்கள்மீதும் பட்டதாகத் திருவிளையாடற் புராணம் கூறுகிறது.

பிறர்மேல் படும் அடி நம்மையும் தொடுமா? இன்றைய மூளையியல் இதனை வேறு வழியில் ஆராய்கிறது.

1990களின் தொடக்கத்தில், இத்தாலியின் பார்மா நகரப் பல்கலைக்கழகத்தில் ரிசொலாட்டி என்னும் அறிஞரும் குழுவினரும் குரங்குகளின் மூளையை ஆராய்ந்தனர். குரங்கு ஒரு பொருளைக் கையால் எடுக்கும்போது இயங்கிய சில நரம்பணுக்கள், வேறொருவர் எடுப்பதைக் குரங்கு வெறுமனே பார்த்தபோதும் இயங்கின. கண்ணாடிபோல் பிறர் செயலைத் தம்முள் காட்டியதால் இவை 'கண்ணாடி நரம்பணுக்கள்' எனப் பெயர் பெற்றன.

தமிழ்நாட்டில் 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற மூளையியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் இவற்றைக் 'காந்தி நரம்பணுக்கள்' என்று அழைத்தார். அவர் தரும் விளக்கம் சிந்திக்கத்தக்கது. பிறர் கை தொடப்படுவதைப் பார்த்தால் நம் மூளையிலும் தொடுவுணர்வு எழுகிறது. 'என்னை எவரும் தொடவில்லை' என்று நம் தோல் அறிவிப்பதால்தான் அதை நாம் உணர்வதில்லை. மருந்தால் கையை மரத்துப்போகச் செய்தால், பிறர்மேல் பட்ட தொடுகை தம் கையிலேயே பட்டதாகத் தோன்றும் என்கிறார் அவர்.

மனிதரிடம் இவ்வணுக்களின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. புராணத்துக்குச் சான்றாகவும் இதனைக் கொள்ளல் ஆகாது. புராணம் உணர்த்துவது எங்கும் நிறைந்த இறைவனை. அறிவியல் ஆராய்வது அவன் தந்த உடலை.

ஆயினும் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. பிறர் செயலைக் கண்டாலோ கேட்டாலோ இவ்வணுக்கள் விழிக்கும். அறியாத துயர் நம்மை எட்டாது. வந்தியின் துயரை ஊரில் எவரும் எட்டிப் பார்க்கவில்லை; ஈசன் ஒருவனே வந்தான். ஆளில்லாத வந்திகள் இன்றும் ஒவ்வொரு தெருவிலும் உள்ளனர். புட்டுத்தோப்பில் பிரசாதம் பெற்றுத் திரும்பும் அன்பர்கள், அத்தகைய ஒரு வீட்டின் கதவைத் தட்டி நலம் விசாரிப்பதும் சொக்கநாதருக்குச் செய்யும் தொண்டே.